உன்ட்தெலெம்ன்: பலகையிலிருந்து வெண்ணெயா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கே ருமேனியாவில் சூரியகாந்தி எண்ணெயைக்கூட ‘உன்ட்தெலெம்ன்’ என்கிறார்கள். ‘உன்ட்’ வெண்ணெய், ‘தெ’ உடைய, ‘லெம்ன்’ கட்டை, பலகை. பலகையிலிருந்து வெண்ணெயா? லத்தீனிலேயே இப்படி ஒரு சொல் இருந்ததா?

ஆர்., க்ளூஜ்

அன்புள்ள ஆர்.,

உறுப்புகள் லத்தீன். கூட்டு லத்தீன் அல்ல. இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். பலரும் இடறுவது இங்கேதான்.

லத்தீனின் ‘க்ன்’ ருமேனியனில் ‘ம்ன்’ ஆகும். புக்னுஸ் (முட்டி) பும்ன், ஸிக்னும் (குறி) ஸெம்ன், அதே வழியில் லிக்னும் லெம்ன். உன்ட் வந்தது உங்க்தும், அதாவது பூசும் கொழுப்பு, என்பதிலிருந்து. லாக்தெ (பால்) லாப்தெ, ஒக்தோ (எட்டு) ஒப்ட் ஆனபோது இங்கே மட்டும் ‘ப்ட்’ ஏன் வரவில்லை? முன்னால் மெல்லினம் நின்றதால் நடுவிலிருந்த ககரம் விழுந்துவிட்டது.

இனி பொருள். லெம்ன் இன்று வெட்டிய மரம். நிற்கும் மரத்துக்குக் ‘கொபாக்’. பழைய ருமேனியனில் லெம்ன் இரண்டுக்கும் பொது, நம் ‘மரம்’ போலவே. விவிலியத்தின் ஜீவவிருட்சம் அங்கே ‘லெம்னுல் வியெட்ஸி’. ஆகவே பலகை வேண்டாம். இது ஆலிவ் மரம்.

ஸ்லாவிய மொழிகளில் வெண்ணெய்க்கும் எண்ணெய்க்கும் ‘மாஸ்லோ’தான். குழப்பம் தவிர்க்க ஆலிவ் எண்ணெயை மர மாஸ்லோ என்றார்கள்: பல்கேரியனில் தர்வெனோ மாஸ்லோ, ரஷ்யனில் திரெவ்யான்னொயெ மாஸ்லோ. ஜெர்மனிலும் ஆலிவ் எண்ணெய்க்கு ‘மர எண்ணெய்’ என்ற பழம்பெயர் உண்டு, ஆனால் அதில் வெண்ணெய் இல்லை. ருமேனியத் திருச்சபையின் வழிபாட்டு மொழி முன்பு நூற்றாண்டுகளாக ஸ்லாவியமாக இருந்தது; விளக்கெரிக்கவும் நெற்றியில் பூசவும் அங்கே வேண்டியது இந்த எண்ணெய்தான். ஸ்லாவியத் தொடரை உறுப்புக்கு உறுப்பு பெயர்த்தது என்றே நான் கொள்கிறேன். ஆலிவ் பழத்தின் ருமேனியப் பெயரான ‘மஸ்லினா’வும் மாஸ்லோ வழியில் வந்ததே.

ஒரே சொல்லாக இறுகிவிட்டதா என்று அறிய, ‘அந்த’ என்று சுட்டும் ‘உல்’ விகுதி எங்கே ஒட்டுகிறது என்று பாருங்கள். தொடராக இருந்தால் ‘உன்டுல் தெ லெம்ன்’ என்று முதல் சொல்லில் ஒட்டும். இப்போது ‘உன்ட்தெலெம்னுல்’, கடைசியில்.

சூரியகாந்திக்கு இந்தப் பெயர் போனதில் தமிழருக்கு வியப்பிருக்காது. எள் + நெய் = எண்ணெய். அது எல்லா எண்ணெய்க்கும் பொதுவாகிவிட்டதால்தான் எள்ளுடையதை நல்லெண்ணெய் என்று பிரித்துச் சொல்கிறோம். ஆலிவ்தான் வேண்டும் என்றால் நீங்களும் கடையில் ‘உன்ட்தெலெம்ன் தெ மஸ்லினெ’ என்று நீட்டித்தான் கேட்கவேண்டும். புட்டியில் பெரும்பாலும் ‘உலெய்’ என்று அச்சிட்டிருக்கும். அது ஸ்லாவியக் கடன்.