ஆட்டக் கணக்கில் அளக்கப்படும் தண்டனை

அன்புள்ள ஐயா,

என் மகன் அமெரிக்காவில் ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டாமாண்டு படிக்கிறான். சென்ற பருவத்தில் அங்குள்ள அமெரிக்க ஃபுட்பால் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) அணியின் ஆட்டக்காரர் ஒருவர் ஒரு பெண்ணைத் தாக்கியதாகக் கைதானார். "அணி விதிகளை மீறியதற்காகக் காலவரையின்றி நீக்கப்படுகிறார்" என்று கோச் ஒரே வரியில் அறிவித்தார். முதல் இரண்டு ஆட்டங்கள் கழிந்தன. மூன்றாவது சனிக்கிழமை அவர் களத்தில் நின்றார். புகார் வந்த அன்றே துரத்தியிருக்க வேண்டும் என்று மகன் கொதிக்கிறான். எனக்கோ, வீட்டை விட்டு வந்த பிள்ளைகளுக்குக் கோச் தகப்பன் மாதிரி, அவர் கண்டித்துத் திருத்தினால் போதாதா என்று தோன்றுகிறது. எங்கள் இருவரில் யார் சொல்வது சரி?

(வாசகர் தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

கோச் என்ன செய்திருக்க வேண்டும் என்றுதான் நீங்கள் இருவருமே கேட்கிறீர்கள். எனக்கு அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு பெண் கொடுத்த புகாரைப் பற்றித் தீர்மானிக்கும் வேலை கோச்சின் மேசைக்கு ஏன் போக வேண்டும்?

அவர் கையில் உள்ள தண்டனைகளைப் பாருங்கள். விடியற்காலையில் ஸ்டேடியப் படிகளில் ஏறி இறங்க வைக்கலாம். கேப்டன் பொறுப்பைப் பறிக்கலாம். பாதி ஆட்டத்துக்குப் பெஞ்சில் உட்கார வைக்கலாம். சில ஆட்டங்களுக்கு நீக்கலாம். கடைசியாக அணியை விட்டே அனுப்பலாம். வகுப்புக்குப் போகாதவனுக்கும் பயிற்சிக்குத் தாமதமாக வருகிறவனுக்கும் இவை பொருத்தமானவை, அந்த அதிகாரத்தில் நான் குறைகாணவில்லை. ஆனால் அடிதடிப் புகாரையும் பாலியல் புகாரையும்கூட அவர் இதே கோலால்தான் அளக்க வேண்டியிருக்கிறது. பருவத்தின் வழக்கமான ஆட்டங்களோ மொத்தம் 12. அதிலும் தொடக்க வாரங்களில், பெரிய பல்கலைக்கழகங்கள் பணம் கொடுத்து வரவழைத்து எளிதாகத் தோற்கடிக்கும் சிறிய அணிகள் உண்டு. அந்த ஆட்டங்களில் யாரை உட்கார வைத்தாலும் அணிக்கு நட்டமில்லை. "அணி விதி மீறல்" என்ற வரியும் வசதியானது. மாணவர் விவரங்களின் இரகசியத்தைக் காக்கும் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தை அதற்குக் காரணமாகக் காட்டுவார்கள்; ஆனால் தாமதமாக வந்தவனும் கைதானவனும் ஒரே வரிக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

உங்கள் தகப்பன் வாதத்தை அதன் மிக நேர்மையான வடிவில் முன்வைத்தவர் நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் கோச்சாக இருந்த டாம் ஆஸ்போர்ன். 1995 செப்டம்பரில் அவருடைய அணியின் முன்னணி ஆட்டக்காரர் லாரன்ஸ் ஃபிலிப்ஸ், தம் முன்னாள் காதலியைத் தாக்கியதற்காகக் கைதானார். பின்னர் நீதிமன்றத்தில் எதிர்வாதம் செய்யாமல் தண்டனையை ஏற்றுக்கொண்டார். ஆஸ்போர்ன் முதலில் அணியிலிருந்தே விலக்குவதாகச் சொன்னார், பிறகு அதைத் தற்காலிக நீக்கமாக்கினார். ஆறு ஆட்டங்கள் கழித்துத் திரும்பிய ஃபிலிப்ஸ், 1996 ஜனவரி 2 அன்று தேசியப் பட்டத்துக்கான ஃபியஸ்டா பௌல் என்ற ஆட்டத்தில் பந்தோடு 165 கஜம் ஓடினார். பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்க்கும் டச்டவுனை மூன்று முறை எடுத்தார். ஃப்ளோரிடா பல்கலைக்கழக அணியை நெப்ராஸ்கா 62-24 என்று வீழ்த்தியது.

ஆஸ்போர்னைப் பட்டத்துக்கு அலைந்தவர் என்று ஒதுக்கிவிடுவது சுலபம், நான் தயங்குகிறேன். ஃபிலிப்ஸ் சிறுவயதில் வீடிழந்து கலிஃபோர்னியாவின் காப்பகங்களில் வளர்ந்தவர். அவரைப் பிடித்து நிறுத்தியிருக்கும் ஒரே கயிறு ஃபுட்பால்தான், அதையும் அறுத்துவிட்டால் அவர் கெட்டழிவார் என்று கோச் நம்பினார். பின்னாளில் ஃபிலிப்ஸ் 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்று, 2016 ஜனவரியில் சிறைவாசத்தின்போதே 40 வயதில் உயிரிழந்தார். இந்த முடிவைக் காட்டி ஆஸ்போர்ன் நினைத்தது சரி என்றும் வாதிடலாம், தவறு என்றும் வாதிடலாம். என்னை உறுத்துவது வேறு. தாக்கப்பட்ட பெண் அதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணியில் ஆடியவர். ஃபிலிப்ஸுக்கு எது நல்லது என்று அவ்வளவு கவலையோடு போடப்பட்ட கணக்கில் அந்தப் பெண்ணுக்கு இடம் இருந்ததாகத் தெரியவில்லை. பையன் பக்கத்து வீட்டுப் பெண்ணை அடித்துவிட்டான் என்று புகார் வந்தால், அவனுடைய தகப்பனையே தீர்ப்புச் சொல்ல உட்கார வைப்போமா?

ஃப்ளோரிடா ஸ்டேட் என்ற வேறொரு பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் விசித்திரம். 1999இல் பீட்டர் வாரிக் என்ற ஆட்டக்காரர், 400 டாலருக்கு மேல் பெறுமான துணிகளைத் தெரிந்த ஊழியர் ஒருவர் வழியாக 21 டாலர் 40 சென்டுக்கு வாங்கி மாட்டிக்கொண்டார். இரண்டு ஆட்டங்கள் வெளியே இருந்துவிட்டு வந்து அணிக்குப் பட்டம் வாங்கித் தந்தார். அதே பல்கலைக்கழகத்தில் 2014இல், ஃபுட்பாலோடு பேஸ்பாலும் ஆடிய ஜேமிஸ் வின்ஸ்டன் ஒரு பல்பொருள் அங்காடியிலிருந்து பணம் கொடுக்காமல் நண்டுக்கால்களை எடுத்து வந்ததற்காகப் பேஸ்பால் அணியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டு, 20 மணி நேரம் சமூகப்பணி செய்தார். அதே ஆண்டு வளாகத்தில் ஆபாசமாகக் கூவியதற்கு முதலில் பாதி ஆட்டம் என்றார்கள், பிறகு முழு ஆட்டமாக்கினார்கள். ஆனால் 2012 டிசம்பரில் அவர்மீது எழுந்த பாலியல் வன்முறைப் புகாருக்காக அவர் ஓர் ஆட்டத்தைக்கூட இழக்கவில்லை. அவர் அதை மறுத்தார். ஓராண்டு கழித்து அரசு வழக்கறிஞர் வழக்குத் தொடர மறுத்தார். 2014 இறுதியில் பல்கலைக்கழக விசாரணையை நடத்திய முன்னாள் நீதிபதியும் அவர் விதி மீறியதாகக் கொள்ளப் போதிய ஆதாரம் இல்லை என்றார். புகார் கொடுத்த பெண் பல்கலைக்கழகத்தின் மீது தொடுத்த வழக்கு 2016இல் 9,50,000 டாலர் சமரசத்தில் முடிந்தது. வின்ஸ்டன் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை, சொல்ல எனக்கு உரிமையுமில்லை. நண்டுக்காலும் கூச்சலும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தவை; அவற்றுக்கு உடனே தண்டனை கிடைத்தது. உள்ளே போய் விசாரித்தால் மட்டுமே தெரியக்கூடிய விஷயத்தில் இந்த அமைப்புக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

டெக்சாஸின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 2016இல் வெளியான விசாரணை முடிவுகள் இதையே வெளிப்படையாகச் சொல்லின: ஃபுட்பால் அணி பல்கலைக்கழக நடைமுறைகளுக்கு வெளியே தனக்கென்று ஓர் ஒழுங்குமுறை வைத்திருந்தது. கோச் ஆர்ட் பிரைல்ஸ் வேலை இழந்தார். ஐந்தாண்டு கழித்து, பாலியல் புகார்களைக் கையாண்ட விதத்துக்காகத் தண்டிக்கத் தன் விதிகளில் இடமில்லை என்று கல்லூரி விளையாட்டுச் சங்கம் கைவிரித்தது.

இனி உங்கள் மகனுக்கு. புகார் வந்த அன்றே துரத்துவது நீதி போலத்தான் தோன்றும். 2006இல் பாலியல் வன்முறைப் புகார் ஒன்று எழுந்ததும் டியூக் பல்கலைக்கழகம் தன் லக்ராஸ் (வலைக்கோலால் பந்தாடும் ஆட்டம்) அணியின் பருவத்தையே ரத்து செய்தது. கோச் விலக நேர்ந்தது. மறு ஆண்டு ஏப்ரலில், குற்றம் சாட்டப்பட்ட மூன்று மாணவர்களும் நிரபராதிகள் என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் அறிவித்தார். வழக்கு நடத்திய அரசு வழக்கறிஞர் வக்கீல் உரிமையையே இழந்தார்.

கோச்சின் கையிலிருந்து எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. 2016 டிசம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், ஒரு பாலியல் வன்முறைப் புகார் பற்றிய உள்விசாரணையை ஒட்டிப் பத்து ஆட்டக்காரர்கள் நீக்கப்பட்டார்கள். அரசு வழக்கறிஞரோ யார்மீதும் வழக்குப் போடவில்லை. காரணம் சொல்லப்படவில்லை என்று கோபப்பட்ட மற்ற வீரர்கள் சீருடையோடு வரிசையாக நின்று, பருவ இறுதி ஆட்டமான ஹாலிடே பௌலில் ஆட மாட்டோம் என்று அறிவித்தார்கள். கோச் டிரேசி கிளேய்ஸ் தம் பிள்ளைகளை நினைத்துப் பெருமைப்படுவதாக ட்விட்டரில் எழுதினார். அடுத்த நாள் எண்பது பக்க விசாரணை அறிக்கை ஒரு தொலைக்காட்சி வழியாகக் கசிந்தது. அதற்கடுத்த நாள் காலை வீரர்கள் புறக்கணிப்பைக் கைவிட்டார்கள். ஆட்டத்தில் வென்ற கிளேய்ஸ் ஜனவரி 3 அன்று நீக்கப்பட்டார். அவர் தகப்பனாகத்தான் பேசினார், அதுதான் சிக்கல்.

விளையாட்டுத் துறைக்குக் கட்டுப்படாத ஓர் அலுவலகம், முன்கூட்டியே எழுதிவைத்த விதிப்படி, ஆட்ட அட்டவணையைப் பாராமல் தற்காலிக விலக்கை முடிவுசெய்ய வேண்டும்; குறித்த நாட்களுக்குள் இரு தரப்பையும் கேட்க வேண்டும்; கோச்சுக்குத் தகவல் மட்டும் போக வேண்டும். அதன்பின் அந்தப் பையனோடு உட்கார்ந்து பேசவும் அவன் படிப்பு கெடாமல் பார்த்துக்கொள்ளவும் கோச் வேண்டிய மட்டும் தகப்பனாக இருக்கட்டும்.

அந்த இரண்டு ஆட்டங்களும் எந்த அணிகளுக்கு எதிரானவை என்று உங்கள் கடிதத்தில் இல்லை. மகனிடம் கேட்டு எழுதுங்கள்.