வார்ம் அப் செய்தால் ஓட்டத்தில் ஆக்சிஜன் பயன்பாடு மாறுமா?

ஓசூரில் 800 மீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி பெறும் உங்கள் மகளுக்கு, வார்ம் அப் செய்யாத நாளில் முதல் சுற்றிலேயே மூச்சு வாங்குவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓடத் தொடங்கிய நொடியிலேயே தசைக்கு ஆற்றல் வேண்டும். ஆனால் அதற்கு ஈடான ஆக்சிஜனை இதயமும் நுரையீரலும் கொண்டுசேர்க்க ஓரிரு நிமிடங்கள் பிடிக்கும் என்பதால், இடைப்பட்ட பற்றாக்குறையைத் தசை ஆக்சிஜன் இல்லாத வழியில் சமாளிக்க, அப்போது உண்டாகும் லாக்டேட் என்ற பொருள் சேர்ந்து களைப்பு முந்திக்கொள்கிறது. வார்ம் அப் செய்த உடலில் ரத்த ஓட்டம் முன்பே கூடியிருக்கும். தசை சூடாக இருப்பதால், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை எளிதில் விட்டுக்கொடுக்கும். பற்றாக்குறை அந்த அளவுக்குக் குறைகிறது. உடலின் உச்ச ஆக்சிஜன் கொள்ளளவு மட்டும் இதனால் உயராது. அது மாதக்கணக்கான பயிற்சியில் வருவது.

பெண்களுக்கு ஹீமோகுளோபின் சராசரியாக ஆண்களைவிடக் குறைவு. டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இறங்கினால் அது ரத்தசோகை. ஆகவே வார்ம் அப் செய்தும் இளைப்பு தீராவிட்டால், பயிற்சியாளரைக் குறை சொல்வதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியில் உடல் வெப்பம் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை கூடுதலாக இருக்கும். அந்நாட்களில் தருமபுரியின் ஏப்ரல் வெயிலில் போட்டி என்றால், வார்ம் அப்பை நிழலில் சுருக்கமாக முடிப்பதே நல்லது.

ஓசூரின் மார்கழிக் குளிரிலோ 15 நிமிட மெல்லோட்டமும், நூறு மீட்டருக்கும் குறைவான மூன்று நான்கு வேக ஓட்டங்களும் தேவைப்படும். முடித்தபின் பெயர் அழைக்கும்வரை சில்லிட்ட சிமெண்டுப் படியில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் சேர்த்த சூடு போய்விடும். முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் நடந்துகொண்டே இருக்கச் சொல்லுங்கள்.