பழைய பட்டாளத்து மெடல்கள்: கேள்வி பதில்

தாத்தா காலத்து மெடல்களைப் பற்றி நம் கடற்கரை ஊர்க்காரர்கள் கேட்டிருந்தார்கள். மெட்ராஸ் ரெஜிமென்டில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தொண்டி வாசகர்: ஐயா, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு வெள்ளி மெடல். ஒருபக்கம் ராஜா தலை, மறுபக்கம் இலை வளையத்துக்குள் இங்கிலீஷ் எழுத்து. வீரத்துக்குக் கொடுத்ததா?

‘ஃபார் பிரேவரி இன் தி ஃபீல்ட்’ என்று இருந்தால் அது மிலிட்டரி மெடல்தான். 1916 மார்ச்சில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஏற்படுத்தியது. சிப்பாய், ஹவில்தார் போன்ற சாதாரணப் படைவீரர்களுக்கு உரியது. அதே வீரத்தை ஆபீசர் காட்டினால் அவருக்கு மிலிட்டரி கிராஸ் என்ற வெள்ளிச் சிலுவை. இரண்டாம் உலகப் போரில், முக்கியமாக பர்மா சண்டையில், இந்தியச் சிப்பாய்களும் இந்த மெடலை வாங்கியிருக்கிறார்கள்.

ரிப்பன் மிஞ்சியிருந்தால் பாருங்கள். இரண்டு ஓரமும் கருநீலம், நடுவில் வெள்ளையும் சிவப்பும் மாறிமாறி ஐந்து கோடு. அப்புறம் விளிம்பு. ஜன்னல் வெளிச்சத்தில் மெடலை மெல்லச் சுற்றுங்கள். நம்பர், ரேங்க், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். லென்ஸ் வைத்துத்தான் படிக்க முடியும். யாருடைய மெடல் என்பதற்கு அந்த விளிம்புதான் சாட்சி.

கீழக்கரை வாசகர்: எங்கள் மெடலின் பின்பக்கம் இந்தியா மேப் இருக்கிறது. பாட்டனார் வீரப் பதக்கம் வாங்கியவர் என்று கேட்டே வளர்ந்தோம்.

அது இந்தியா சர்வீஸ் மெடல், தம்பி. இரண்டாம் போர்க் காலத்தில் இங்கேயே இருந்து பணி செய்தவர்களுக்குக் கொடுத்தது. வீரப் பதக்கம் இல்லை. ஆனால் அவர் பட்டாளத்தில் இருந்தார் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம். பத்திரமாக வையுங்கள்.

பாம்பன் வாசகி: மெடல் கறுத்துப்போச்சு. விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டாம் அம்மா, வேண்டவே வேண்டாம். மண்டபத்தில் ஒரு வீட்டில் பொங்கலுக்குப் பொங்கல் புளியும் விபூதியும் போட்டுத் துலக்கி வந்தார்கள். மெடல் பளபளவென்றுதான் இருந்தது. ராஜாவின் மூக்கு மழுங்கிப்போயிருந்தது. விளிம்பில் நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரிந்தது, பெயர் போயே போய்விட்டது. கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தக் கறுப்பு என்பது அழுக்கு இல்லை. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியில் பிடிப்பதால் வருவது, கடலோர ஈரம் அதைச் சீக்கிரமாக்கும். துவைத்துக் காயவைத்த பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும். ரப்பர் பேண்ட் மட்டும் போடாதீர்கள், அதிலும் கந்தகம் உண்டு.

திருவாடானை வாசகர்: நம் ராணுவத்தில் இன்றும் சிப்பாய்க்குத் தனி, ஆபீசருக்குத் தனி என்று உண்டா?

கிடையாது. பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா மூன்றையும் 1950 ஜனவரி 26 அன்று ஏற்படுத்தியபோதே எந்த ரேங்க்காரருக்கும் பொது என்று வைத்தார்கள். உங்கள் பக்கத்துக் கடுக்கலூர் ஹவில்தார் பழனி, 2020 ஜூனில் லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு நடந்த சண்டையில் உயிர்கொடுத்தாரே, அவருக்குக் கொடுத்தது வீர் சக்ரா. அதே சண்டையில் ஒரு சாதாரணச் சிப்பாய்க்குக் கிடைத்ததும் வீர் சக்ராதான். பிரிட்டனில் இந்தப் பாகுபாட்டை எடுத்தது 1993இல். அதோடு மிலிட்டரி மெடலும் நின்றது.

மூக்கையூர் வாசகர்: துப்பாக்கி எடுக்காதவருக்கும் மிலிட்டரி மெடல் உண்டா?

உண்டு. அதை நான்கு முறை வாங்கிய ஒரே மனிதர் எர்னஸ்ட் கோரி, முதல் உலகப் போரில் ஸ்ட்ரெச்சர் தூக்கிய ஆஸ்திரேலியச் சிப்பாய். குண்டு விழும் இடத்தில் அடிபட்டவர்களைத் தூக்கிவந்தவர். இரண்டாம் முறையிலிருந்து புது மெடல் தரமாட்டார்கள், ரிப்பனில் ஒரு வெள்ளிப் பட்டைதான் சேர்ப்பார்கள். அவர் ரிப்பனில் மூன்று பட்டை.

தேவிபட்டினம் வாசகர்: பத்தர் வெள்ளி விலைக்குக் கேட்கிறார். வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்லி ஒருவர் போனும் செய்கிறார்.

பத்தர் தராசில் வைத்தால் உருக்கிவிடுவார், பெயரும் அதோடு போகும். எடைக்குப் போடாதீர்கள். முதல் உலகப் போர் மெடல் என்றால் நூறு வருஷம் தாண்டியது, அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்புவது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி குற்றம். இன்றைக்கே விளிம்பைச் சுற்றிச் சுற்றி நாலைந்து போட்டோ எடுத்துவிடுங்கள். மற்றதை அப்புறம் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.