பாயின்ட் போர்டு வச்சும் பசங்க அசரலயே!

கேள்வி: எட்டாங்கிளாஸ் மேத்ஸ் டீச்சர் நான். பாயின்ட், ரேங்க் போர்டு எல்லாம் வச்சேன், முதல் வாரம் ஒரே குஷி, இப்போ அதே நாலு பேர்தான் மேல இருக்காங்க, மத்தவங்க கண்டுக்கறதே இல்ல. என்ன பண்ணலாம்?

பதில்: முதல்ல அந்த போர்டைக் கழட்டிடுங்க டீச்சர். கேம்ல பசங்க ஒட்டிக்கிட்டு கிடக்கறது பாயின்ட்டுக்காக மட்டும் இல்ல, தோத்தா உடனே இன்னொரு சான்ஸ் கிடைக்குதே, அதுக்காகவும்தான், நம்ம டெஸ்ட்ல மார்க் போச்சுன்னா போனதுதான். அமெரிக்காவுல இண்டியானா யுனிவர்சிட்டில லீ ஷெல்டன்னு ஒரு வாத்தியார், கேம் டிசைனரும்கூட, எல்லாரையும் ஜீரோ பாயின்ட்ல ஆரம்பிக்க வச்சு, வேலை முடிக்க முடிக்க லெவல் ஏத்தி, கடைசில அதையே கிரேடா மாத்தினார்.

நீங்களும் அதே மாதிரி, உதாரணமா ஒருபடிச் சமன்பாட்டை (லீனியர் ஈக்வேஷன்) மூணு லெவலா பிரிங்க, தப்பாப் போட்டா மார்க்கை வெட்டாம அதே மாதிரி வேற கணக்கு குடுங்க, எத்தனை தடவை வேணா போடட்டும்.

பரிசு ஆசை மட்டும் ரொம்ப காட்டாதீங்க. 1973-ல வந்த ஒரு ஆய்வுல, வரையறதுன்னாலே உயிரா இருந்த நர்சரி பசங்கள்ட்ட சர்டிபிகேட் தர்றோம்னு முன்னாடியே சொல்லி வரைய வச்சாங்க, அப்புறம் அவங்க தானா பேனா எடுக்கறதே குறைஞ்சுபோச்சு.