ரூபிளை விட்ட நாள்

*ஐயா, 1991 டிசம்பர் 8 அன்று பெலாரஸின் பெலவேஷா காட்டு மாளிகையில் ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் தலைவர்கள் மூவரும் சோவியத் ஒன்றியத்தைக் கலைக்கக் கையெழுத்துப் போட்டதும் 15 நாடுகள் ஒரே இரவில் விடுதலை பெற்றன என்று வகுப்பில் சொன்னார்கள். அவ்வளவுதானா? அவர்கள் மறுத்திருந்தால் சோவியத் ஒன்றியம் பிழைத்திருக்குமா?*
(கல்லூரி மாணவர் ஒருவர்)

அன்புள்ள தம்பி,

வகுப்பில் சொன்னதை அப்படியே விழுங்காமல் சந்தேகப்பட்டீர்களே, அந்தக் குணத்தை விட்டுவிடாதீர்கள். பிழைத்திருக்குமா என்பது வெறும் ஊகம், அது கிடக்கட்டும். ஆனால் ‘ஒரே இரவில்’ என்று எழுதுமுன் கொஞ்சம் புரட்டிப் பார்த்திருக்க வேண்டாமா? பால்டிக் நாடுகளான எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றின் விடுதலையையும் மாஸ்கோ செப்டம்பர் 6 அன்றே அங்கீகரித்துவிட்டது. உக்ரைன் மக்கள் டிசம்பர் 1 அன்றே வாக்களித்து விடுதலைதான் வேண்டும் என்று முடிவு சொல்லிவிட்டார்கள்.

அந்த நாடுகளின் பணத்தைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கொடி மாறிய பிறகும் மக்கள் பையில் இருந்தது லெனின் படம் போட்ட ரூபிள். நோட்டு அச்சகம் மாஸ்கோ கையில். ஆனால் கணக்கில் எழுதும் கடன் ரூபிளை ஒவ்வொரு குடியரசின் மத்திய வங்கியும் உண்டாக்கலாம். ஒருவர் தாராளமாகக் கடன் எழுதினால் விலையேற்றம் எல்லோர் தலையிலும் விழும். ரொக்கத்துக்கோ தட்டுப்பாடு, கணக்கில் பணம் இருந்தும் சம்பளம் கொடுக்க நோட்டு இருக்காது.

இதிலிருந்து முதலில் கழன்றுகொண்டது எஸ்தோனியா. 1992 ஜூன் 20 அன்று அதன் சொந்த நாணயமான குரோன் வந்தது. ஆளுக்கு 1,500 ரூபிள் வரை, 10 ரூபிளுக்கு 1 குரோன் வீதம் மாற்றலாம். கைக்குக் கிடைப்பது 150 குரோன். ஏன் இந்த உச்சவரம்பு? அது இல்லாவிட்டால் அக்கம்பக்கத்து ரூபிளெல்லாம் அங்கே வந்து கொட்டும், புது நாணயம் பிறக்கும்போதே மதிப்பிழக்கும். 8 குரோனுக்கு 1 ஜெர்மன் மார்க் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். கையிருப்பில் தங்கமோ அந்நியச் செலாவணியோ இருக்கும் அளவுக்குத்தான் குரோன் வெளியிடலாம். இரண்டாம் உலகப் போருக்கு முன் லண்டனில் வைத்திருந்த தங்கத்துக்கு ஈடாக பிரிட்டன் திருப்பித் தந்தது இதற்குக் கைகொடுத்தது.

கஜகஸ்தான் ரூபிளிலேயே இருக்க விரும்பியது. 1993 ஜூலையில் ரஷ்யா தன் எல்லைக்குள் பழைய நோட்டுகள் செல்லாது என்றது. அங்கே செல்லாத நோட்டெல்லாம் செல்லும் இடத்தைத் தேடி கஜகஸ்தானுக்குள் பாய்ந்தது, விலைகள் எகிறின. பிரிட்டனில் ரகசியமாக அச்சிட்ட தங்கள் புது நாணயமான டெங்கே நோட்டுகளை விமானத்தில் கொண்டுவந்து, நவம்பர் 15 அன்று 500 ரூபிளுக்கு 1 டெங்கே என்று மாற்றத் தொடங்கினார்கள். எஸ்தோனியா தானே நாள் குறித்து வெளியேறியது. இவர்களுக்கு நாள் குறித்தது மாஸ்கோ.

உக்ரைன் கதை இன்னும் வேதனை. ரூபிளுக்குப் பதிலாகக் கூப்பன் என்ற தற்காலிகப் பணம் கொண்டுவந்தும், பற்றாக்குறையை நோட்டடித்தே நிரப்பியதால் அதுவும் கரைந்தது. 1996 செப்டம்பரில் புது நாணயமான ஹ்ரிவ்னியா வந்தபோது, ஒன்றுக்கு 1,00,000 கூப்பன் கொடுக்க வேண்டியிருந்தது.