அரைப் புள்ளியை எடுத்துவிடலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் எங்கள் பழைய மாணவர் சங்கம் வருடாவருடம் பிள்ளைகளுக்கு ஒருநாள் செஸ் போட்டி நடத்துகிறது. போன தடவை கடைசிச் சுற்றில் முதல் இரண்டு மேசைகளும் பத்து நிமிடத்துக்குள் ட்ரோவில் முடிந்துவிட்டன. பார்க்க வந்த பெற்றோருக்கு ஒரே ஏமாற்றம். இம்முறை ட்ரோவுக்கு இருவருக்கும் கிடைக்கும் அரைப் புள்ளியும் இல்லை என்று அறிவிக்கலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் உங்கள் கோபம் நியாயமானது. நடுவராக நின்ற மண்டபங்களில் நானும் இதைப் பார்த்திருக்கிறேன். எட்டாவது நகர்த்தலில் ஒருவன் நிமிர்ந்து பார்ப்பான், மற்றவன் தலையாட்டுவான், மணிக்கூட்டை நிறுத்திவிட்டு இருவரும் எழுந்து போய்விடுவார்கள். பலகையில் காய்கள் பாதி அசைந்திருக்காது. அதைப் பார்க்க எனக்கும் வயிறு எரியும்.

அதே மண்டபத்தில் கடைசி மேசையையும் ஒருமுறை பாருங்கள். ஒரு சின்னப் பிள்ளையிடம் மிஞ்சியிருப்பது ராஜா மட்டும். எதிராளியிடம் ராஜாவும் ஓரக் கோட்டில் ஒரு சிப்பாயும். அந்தச் சிப்பாய் ராணியாக வேண்டிய மூலைக் கட்டத்துக்குப் பிள்ளை ஓடோடிப் போய் ராஜாவை வைத்துவிடுகிறாள். இனி அவளை அங்கிருந்து யாராலும் கிளப்ப முடியாது. நெருக்கினால் நகர இடமில்லாமல் ஆட்டம் ட்ரோ. ஒன்றரை மணித்தியாலம் போராடி எடுத்த அரைப் புள்ளி அது. அதைப் பூச்சியம் ஆக்க எனக்கு மனம் வராது.

பூச்சியம் புது யோசனையும் இல்லை. 1867 பாரிஸ் போட்டியில் ட்ரோ என்றால் இருவருக்கும் ஒன்றுமில்லை. அதற்கு முன் 1862இல் லண்டனில், வெற்றி வரும்வரை திரும்பத் திரும்ப ஆட வைத்தார்கள். இரண்டுமே நிலைக்கவில்லை. தோற்றாலும் தாக்குப்பிடித்தாலும் கிடைப்பது ஒன்றுதான் என்றால், காய் குறைந்த பிள்ளை எதற்காக மினக்கெட வேண்டும்? அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. கடைசிச் சுற்றில் இரு நண்பர்கள் மோதினால், ட்ரோ இருவருக்கும் நட்டம். அப்போது ‘இந்தமுறை நீ வெல்லு’ என்ற பேச்சு மெல்ல நுழையும். கைகுலுக்கலைத் துரத்தப் போய் பிள்ளைகளுக்குக் களவு பழக்கிவிடக் கூடாது.

ட்ரோவால் கூட்டம் ஓடிவிடும் என்பதையும் நான் முழுதாக ஏற்கமாட்டேன். 1997இல் பிரேமதாச மைதானத்தில் இலங்கை இந்தியாவுக்கு எதிராக 6 விக்கெட்டுக்கு 952 ஓட்டங்கள் எடுத்த டெஸ்ட் ட்ரோதான். ஜயசூரியவின் 340ஐக் கொழும்பில் யார் மறந்தார்கள்? செஸ்ஸிலும் அப்படித்தான். 2018 உலகச் சாம்பியன் பட்டப் போட்டியில் கார்ல்சனும் கருவானாவும் 12 ஆட்டங்களையும் ட்ரோ செய்தபோது பலர் சலித்துக்கொண்டது உண்மை. ஆனால் 2024இல் சிங்கப்பூரில் அதே பட்டத்துக்காகக் குகேஷும் சாம்பியன் டிங் லிரெனும் மோதிய 14ஆவது ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம், அவ்வளவுதான். டிங் தாக்குப்பிடித்துவிடுவார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். 55ஆவது நகர்த்தலில் கோட்டையைத் தவறான கட்டத்தில் வைத்தார்; பட்டம் போனது. ட்ரோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால்தான் நமக்கெல்லாம் நெஞ்சு அடித்துக்கொண்டது.

சரி, செய்ய வேண்டியது என்ன? ட்ரோவை விடுங்கள், பேசி வைத்த ட்ரோவைப் பிடியுங்கள். 2005இல் சோபியாவில் நடந்த போட்டியில் வீரர்கள் தங்களுக்குள் ட்ரோ கேட்கவே கூடாது என்று விதித்தார்கள். அப்புறம் அது பல இடங்களுக்குப் பரவியது. உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. 30 நகர்த்தலுக்கு முன் பேசி முடிக்கக் கூடாது என்று எழுதுங்கள். உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயின் விதிகளும் இதற்கு இடம் தருகின்றன. பலகையில் ஒரே நிலையை மூன்று தடவை வரவழைத்து ட்ரோ கேட்டுத் தப்பிக்கும் வழி இருக்கும்தான். அதற்காகச் சமபுள்ளி வந்தால் அதிக ஆட்டங்களை வென்றவர் முன்னால் என்று வையுங்கள். கைகுலுக்கிக் கிண்ணம் எடுக்கலாம் என்ற கணக்கு அங்கே குழம்பிவிடும்.

காற்பந்து மாதிரி 3, 1, 0 புள்ளிமுறையும் உண்டு. 2008இல் பில்பாவோவில் அப்படி ஆடினார்கள். ஒருநாள் போட்டிக்கு அது வீண் குழப்பம் என்பேன். முதலிடத்துக்கு இருவர் எல்லாவற்றிலும் சமமாக நின்றால் மட்டும் ‘ஆர்மகெடன்’ என்ற ஒரே ஒரு தீர்ப்பு ஆட்டம் வையுங்கள்: வெள்ளைக்கு 10 நிமிடம், கறுப்புக்கு 7, ட்ரோ ஆனால் கறுப்புக்கு வெற்றி. பெற்றோர் கதிரையை இழுத்துப் போட்டுப் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் விண்ணப்பப் படிவத்திலேயே அச்சிடுங்கள். முதல் சுற்றுக்கு முன் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வாசித்துக் காட்டுங்கள். நடுவில் மாற்றிய விதியைப் பிள்ளைகள் மன்னிப்பதில்லை, பெற்றோர் அதைவிட.