ஸ்டெப்னி இல்லாத காரில் திம்பம் ஏறலாமா?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். 2017ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். டிக்கியில் ஸ்டெப்னி இல்லை. "ரன்ஃபிளாட் டயர், ஸ்டெப்னியே வேண்டாம்" என்றார் விற்றவர். மாதம் இருமுறை சத்தியமங்கலம், திம்பம் மலைப்பாதை வழியாக மைசூரு போகிறேன். ஒன்று வாங்கி வைக்கட்டுமா?

பதில்: முதலில் குனிந்து டயரைப் பாருங்கள். காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய டயர்தான் ரன்ஃபிளாட், அதன் பக்கச்சுவர் விறைப்பானது. பள்ளத்தில் இறங்கினால் இடுப்பில் தெரியும். அது பொறுக்காமல் சாதாரண டயருக்கு மாறிவிட்டு, அப்படியே காரை விற்றுவிடுபவர்கள் உண்டு. பக்கவாட்டில் ஆர்எஸ்சி, ஆர்எஃப்டி, இசட்பி, எஸ்எஸ்ஆர் போன்ற ஏதாவது ஒரு ரன்ஃபிளாட் குறி நான்கு டயரிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்களிடம் ரன்ஃபிளாட்டும் இல்லை, ஸ்டெப்னியும் இல்லை.

குறி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். காற்று முழுவதும் இறங்கிய பிறகும் அந்த விறைப்பான சுவர் வண்டியைத் தாங்கும். பொதுவாக 80 கி.மீ. வேகத்துக்கு மிகாமல் 80 கி.மீ. தூரம். காரில் ஆளும் சாமானும் நிறைந்திருந்தால் அதிலும் குறையும். திம்பத்திலிருந்து சத்தியமங்கலமோ சாம்ராஜ்நகரோ போய்ச் சேர இது போதும். சிக்கல் அதற்குப் பிறகுதான். காற்றில்லாமல் ஓடிய ரன்ஃபிளாட்டின் உள்சுவர் நசுங்கியிருக்கும், அதைப் பஞ்சர் ஒட்டி ஓட்டுவது ஆபத்து. உங்கள் அளவில் புது ரன்ஃபிளாட் சிற்றூர்க் கடையில் தொங்காது. கோவையிலிருந்தோ மைசூரிலிருந்தோ வரவழைக்க வேண்டும். ரன்ஃபிளாட் உங்களைக் கடை வரை கொண்டுபோகும், வீடு வரை கொண்டுபோகும் என்று எண்ணாதீர்கள்.

ஆனால் பெரும்பாலான பஞ்சர் ஆணியால் வருவது, காற்று மெல்ல இறங்கும். ரன்ஃபிளாட்டில் அது கண்ணுக்கும் தெரியாது, ஸ்டியரிங்கிலும் தெரியாது. டேஷ்போர்டின் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு ஒன்றுதான் சாட்சி. அது எரிந்ததும் நிறுத்தி, 12 வோல்ட் காற்றடிக்கும் பம்பால் நிரப்பிவிட்டால் டயர் பிழைக்கும். ட்யூப்லெஸ் பஞ்சர் கிட் கையில் இருந்தால் துளையையும் நீங்களே அடைக்கலாம். டயருக்குள் ஊற்றும் பசை பாட்டிலை நான் கடைசியாகத்தான் எடுப்பேன். பக்கச்சுவர் கிழிந்தால் அது உதவாது, காலாவதித் தேதியும் உண்டு. ஊற்றியிருந்தால் பஞ்சர் கடைக்காரரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள், டயரைக் கழற்றியதும் அவர் கை முழுவதும் பிசின்.

அப்படியானால் ஸ்டெப்னி எதற்கு? கல்லோ பள்ளமோ பக்கச்சுவரைக் கிழித்துவிட்டால் வேறு வழியில்லை. மாதம் இருமுறை மலையேறும் உங்களுக்கு வாங்குவதே நல்லது. (ஸ்டெப்னி என்ற சொல்லே வேல்ஸ் நாட்டின் லனெத்லி ஊரிலுள்ள ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது, நூறாண்டுக்கு முன் அங்கேதான் இந்த உதிரிச் சக்கரத்தைச் செய்து விற்றார்கள்.) ஸ்பேஸ் சேவர் எனப்படும் ஒல்லியான தற்காலிகச் சக்கரம் போதும். அதில் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும், 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது.

வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் தலைமுறை 3 சீரிஸில் ஐந்து போல்ட் துளைகள் 120 மி.மீ. வட்டத்தில் இருக்கும், 2019இல் வந்த அடுத்த தலைமுறையில் 112. பெயர் ஒன்றே என்று நம்பி வாங்கினால் மாட்டவே முடியாது. சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் காலிப்பரில் இடிக்காமல் உட்காருகிறதா என்று கடையிலேயே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். ரன்ஃபிளாட்டோடு வந்த வண்டியில் ஜாக்கியும் ஸ்பேனரும் பெரும்பாலும் இருக்காது, ஜாக்கியையும் 17 மி.மீ. ஸ்பேனரையும் சேர்த்து வாங்குங்கள். சக்கரத்தில் திருட்டைத் தடுக்கும் பூட்டு போல்ட் இருந்தால் அதற்கான சாவி காரிலேயே இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். பழைய காரில் முதலில் தொலைவது அதுதான். டிக்கியில் ஸ்டெப்னியைச் சும்மா போடாமல் வாரால் இறுகக் கட்டுங்கள், பிரேக் பிடித்தால் பாய்ந்து முன்னே வரும்.

சட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ட்யூப்லெஸ் டயர், காற்றழுத்தக் கண்காணிப்பு, பஞ்சர் கிட் மூன்றும் உள்ள 3.5 டன்னுக்கு மிகாத வண்டிக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என 2020இல் விதி திருத்தப்பட்டது.

திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் விளக்கு எரிந்தால் வளைவில் நிறுத்தாதீர்கள். யானை நடமாடும் காட்டில் இறங்கிச் சக்கரம் மாற்றவும் வேண்டாம். மேலே ஆசனூருக்கோ கீழே பண்ணாரி சோதனைச்சாவடிக்கோ மெல்ல உருட்டிக்கொண்டு போய்விடுங்கள்; ரன்ஃபிளாட்டுக்குக் கொடுத்த காசு அங்கேதான் வசூலாகும். இரவு 9 மணிக்குமேல் அந்தச் சாலையில் கார்களுக்கும் தடை இருப்பதால், மைசூரிலிருந்து திரும்பும்போது ஒரு மணி நேரத்தையாவது கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.